60 ரூபாய் வாத்துக்குஞ்சு: வாங்கலாமா?

இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளுக்காகப் புத்தகக் கண்காட்சியில் வாங்கினேன். டேனிஷ் எழுத்தாளர் ஆண்டர்சனின் 'அழகில்லாத வாத்துக்குஞ்சு' கதை, தமிழில், 16 பக்கம், 60 ரூபாய். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாள் கெட்டி, எழுத்து பெரிசு. குஞ்சு பொரிக்கிற பக்கத்தில் அந்தப் பச்சை கண்ணுக்கு இதம். இரண்டே வாரத்தில் பின் கழன்று நடுப்பக்கம் கையோடு வந்துவிட்டது, அது கிடக்கட்டும்.

குறை கதையில்தான். 1843-இல் வந்த டேனிஷ் மூலத்தில் குஞ்சின் நிறம் சாம்பல். இங்கே அதைக் கன்னங்கரேல் என்று ஆக்கி, கடைசியில் 'பால்போல் வெள்ளையாக மாறியது, எல்லோருக்கும் பிடித்துப்போனது' என்று முடித்திருக்கிறார்கள். முகப்பவுடர் விளம்பரம் தோற்றது. மூலத்தில் அது வாத்தே இல்லை; அன்னக்குஞ்சு வளர்ந்து அன்னமாகிறது, அவ்வளவுதான். அது அதற்கே தெரியாது. அன்னங்களிடம் போய், என்னைக் கொன்றுவிடுங்கள் என்று தலையைக் குனிகிறது. குனிந்த இடத்தில் தண்ணீருக்குள் இன்னொரு அன்னம், அதன் நிழல்தான். இந்தப் புத்தகத்தில் குளம் இருக்கிறது, குனிவது இல்லை.

அதைவிட வருத்தம், மூலத்தில் குஞ்சு போய்த் தங்குகிற கிழவியின் குடிசையை அப்படியே தூக்கிவிட்டார்கள். எனக்குக் கதையே அங்கேதான். வாத்து முட்டை கிடைக்கும் என்று நம்பிக் கிழவி குஞ்சை மூன்று வாரம் வைத்துப் பார்க்கிறாள். "முட்டை போடத் தெரியுமா?" என்கிறது கோழி. "முதுகை வளைத்து, குர்ரென்று சத்தமிட்டு, தீப்பொறி பறக்கவிடத் தெரியுமா?" என்கிறது பூனை. தெரியாது. அப்படியென்றால் வாயை மூடு. நீந்த ஆசையாக இருக்கிறது என்று குஞ்சு சொன்னால், வேலை இல்லாததால் வருகிற கிறுக்கு என்கிறது கோழி. கோழி கெட்டதில்லை, அக்கறையாகத்தான் சொல்கிறது. நான் வங்கி வேலையை விட்டுத் தையல் கற்கப் போனபோது எங்கள் பெரியப்பாவும் இதே தொனியில்தான் பேசினார்.

சரி, வாங்கலாமா? படத்துக்காக வாங்கலாம். கதையை நீங்களே சொல்லிவிடுங்கள். குடிசைக் காட்சியை இரண்டு தாளில் எழுதி, கழன்ற நடுப்பக்கத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். பூனைப் படம் மகள் வரைந்தது. முதுகெல்லாம் தீப்பொறி; பார்த்தால் முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது. பூனைதான் என்று சாதிக்கிறாள்.