நேரே பி.எட்-டா, பட்டம் முடித்து பி.ஜி.சி.இ-யா?

போன ஞாயிறு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு விண்ணப்பத் தாள்கள் கிடந்தன, ஒன்று பி.எட்-டுக்கு, இன்னொன்று பட்டப்படிப்புக்கு. அக்கா மகளுக்குக் கல்வித்துறை பிடிக்கும், ஆனால் வகுப்பாசிரியராக இருக்க மனமில்லை. மியூசியத்தில் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்துவது, பாடப்பொருள் தயாரிப்பது, இதுதான் ஆசை.

பி.எட் என்றால் இங்கே பள்ளி முடித்து நேரே சேரும் ஆசிரியர் பட்டம், நான்கு வருடம். எங்கள் பக்கம் பைன்டவுனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் எட்ஜ்வுட் வளாகம் இருக்கிறது. பிள்ளை எப்படிக் கற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதெல்லாம் நிதானமாக உள்ளே இறங்கும், பள்ளிகளில் பயிற்சியும் உண்டு. பிள்ளைகள் முன்னால் ஒருநாள்கூட நிற்காமல் பாடம் வடிவமைப்பவர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாக்கா உதவித்தொகை வாங்கினால், எத்தனை வருடம் வாங்கினோமோ அத்தனை வருடம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது கடனாகிவிடும். வகுப்பறை வேண்டாம் என்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதை நன்றாக யோசிக்கணும்.

இன்னொரு வழி, வரலாறு போன்ற ஒன்றில் மூன்று வருடப் பட்டம், அப்புறம் ஒரு வருட பி.ஜி.சி.இ, அதாவது பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ். பட்டத்தில் பள்ளிப் பாடங்கள் போதிய அளவு இருந்தால்தான் சேர முடியும். யுனிசா என்கிற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியாகவும் படிக்கலாம். கற்பித்தல் பயிற்சி குறைவுதான், ஆனால் பாட அறிவு ஆழமாக இருக்கும், மனம் மாறினால் வேறு பக்கம் திரும்பவும் இடமிருக்கிறது.

மியூசியம்தான் என்று உறுதியாக இருப்பவளுக்கு நான் இரண்டாவதைத்தான் சொன்னேன். 1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கப்பலில் வந்தவர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முதலில் அந்த வரலாறு தெரியணும். அக்காவுக்கு இன்னும் பி.எட் மேல்தான் கண்.