எடைக்குறைப்பு மருந்துகள்: கிலோ கணக்கை விட்டு, சத்துக் கணக்கில் ஓர் ஒப்பீடு

எடை குறைக்கும் மருந்து என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எதில் அதிகம் குறையும்?" என்பதுதான். அதற்கு விடை இப்போது ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. டிர்செபடைடு ஊசி முதலிடம், செமாக்ளூடைடு ஊசி அடுத்தது, தினமும் போடும் லிராக்ளூடைடு அதற்குக் கீழே, ஆர்லிஸ்டாட் மாத்திரை கடைசி. முதல் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. 72 வாரத்தில் டிர்செபடைடு போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் 20.2 சதவீதமும் செமாக்ளூடைடு போட்டவர்களுக்கு 13.7 சதவீதமும் குறைந்திருந்தது.

சரி, குறைந்த அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு? அந்த மாதங்களில் உடம்புக்கு எந்தச் சத்து போய்ச் சேரவில்லை? இப்படிக் கேட்டால் வரிசை கொஞ்சம் கலைகிறது. ஒவ்வொரு மருந்தும் சாப்பாட்டில் ஒவ்வொரு இடத்தில் ஓட்டை போடுகிறது. நம்மால் அடைக்க முடிந்த ஓட்டை எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

ஊசியும் ஆர்லிஸ்டாட்டும்

செமாக்ளூடைடு, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடந்துகொள்கிறது. டிர்செபடைடு அதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மூளைக்கு "போதும்" என்ற செய்தி சீக்கிரம் போகிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. பசியே எடுப்பதில்லை. ஆர்லிஸ்டாட் பசியைத் தொடுவதே இல்லை. குடலில் கொழுப்பைச் செரிக்கும் லிபேஸ் நொதியைத் தடுத்து, சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அப்படியே வெளியே அனுப்பிவிடுகிறது.

ஆர்லிஸ்டாட் போடும் ஓட்டை சிறியது, இருக்கும் இடமும் தெரிந்தது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் சரியாக உள்ளே போகாது. அதற்கு ஒரு மல்டிவைட்டமினை ஆர்லிஸ்டாட்டிலிருந்து 2 மணி நேரமாவது தள்ளி, படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டால் போதும். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், வைட்டமின் கே குறைவதால், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

அப்புறம், இந்த மாத்திரைக்குள்ளேயே ஒரு காவல்காரர் இருக்கிறார். எண்ணெய் அதிகமாகச் சாப்பிட்டால் அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும், உள்ளாடையில் எண்ணெய்க் கசிவுகூட வரும். கொழுப்பில்லாத வேளைக்கு மாத்திரை தேவையில்லை, விட்டுவிடலாம். பலன் சிறியதுதான். 4 ஆண்டு நடந்த ஆய்வில் ஆர்லிஸ்டாட் எடுத்தவர்களுக்கு 5.8 கிலோவும், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 3 கிலோவும் குறைந்தது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் பித்த ஓட்டத் தடை இருப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

ஊசி போடும் ஓட்டை வேறு வகை. அது ஒரு சத்தை மட்டும் தடுப்பதில்லை, சாப்பாட்டையே குறைத்துவிடுகிறது. புரதம், இரும்பு, கால்சியம், நார்ச்சத்து, தண்ணீர் எல்லாமே சேர்ந்து குறைகின்றன. அடைப்பது கடினம், ஏனென்றால் சாப்பிடும் ஆசையே இல்லாத நேரத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது.

தசைக் கணக்கு

செமாக்ளூடைடின் பெரிய ஆய்வில் ஒரு பகுதியினருக்கு உடல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பல்லாத திசு. டிர்செபடைடின் ஆய்வில் அது கால்வாசி அளவு. இதைப் பார்த்து டிர்செபடைடு தசையைக் காப்பாற்றுகிறது என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டும் தனித்தனி ஆய்வுகள். கொழுப்பல்லாத திசுவில் தண்ணீரும் உள்ளுறுப்புகளும்கூட அடக்கம். மருந்தே இல்லாமல் பட்டினி கிடந்து குறைத்தாலும் தசை போகத்தான் செய்யும். ஆனாலும் 30 வயதுக்காரருக்கும் 68 வயதுக்காரருக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. மூத்தவருக்குத் தொடைத் தசை போனால், நாற்காலியிலிருந்து எழுவதே பாடு.

எடை குறையும் காலத்தில் நாளுக்கு 80 முதல் 120 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இப்போதைய மருத்துவ ஆலோசனை (சிறுநீரக நோய் இருந்தால் கணக்கு வேறு, மருத்துவர்தான் சொல்ல வேண்டும்). கேட்க எளிது. இரண்டு முட்டை 12 கிராம். ஒரு கப் வெந்த பருப்பு 18. இரண்டு டம்ளர் பால் 13. நூறு கிராம் மீன் 22. எல்லாம் கூட்டினால் 65. கீழ் எல்லைக்கே இன்னும் 15 கிராம் குறைகிறது. இதை, நாலு வாய் உண்டதுமே தட்டைத் தள்ளிவைக்கத் தோன்றும் ஒருவர் சாப்பிட வேண்டும்! அதனால்தான் ஊசி போடுபவர்கள் வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன்: முதல் வாய் புரதம், அப்புறம் காய், இடம் இருந்தால் மாவுச்சத்து. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல் இடையிடையே குடிக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். புரதம் மட்டும் தசையைக் காக்காது.

வாந்தி நிற்காமல் போனால் கதை மாறுகிறது. நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்து, நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகத் தெரியும், குழப்பம் வரும். இது அரிது, ஆனால் அவசரம். வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பைக் கல்லும் வரலாம்.

வார ஊசியும் தின ஊசியும்

லிராக்ளூடைடில் தினமும் குத்திக்கொள்ள வேண்டும், எடையும் அதிகம் குறையாது, அதனால் இப்போது மதிப்பு இறங்கிவிட்டது. ஆனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு: ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திய ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். செமாக்ளூடைடு பாதியாவதற்கே ஒரு வாரம் ஆகும். முழுக்கப் போக 5 வாரம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டியது இதனால்தான். டிர்செபடைடில் இன்னொரு சிக்கல்: அது கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். தொடங்கியதும், டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும், 4 வாரத்துக்கு ஆணுறை போன்ற மாற்று ஏற்பாடு வேண்டும்.

மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தால் இந்த ஊசிகள் எதுவுமே வேண்டாம். இன்சுலினோ சல்ஃபனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் ஊசியைச் சேர்த்துக்கொண்டு சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். பழைய மருந்தின் அளவை மருத்துவர் முன்கூட்டியே மாற்ற வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருத்துவரிடம் ஊசியைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

எடை குறைக்கத் தரும் வேறு இரண்டு மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்ஸோன்–புப்ரோபியான் மாத்திரை வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், அபினி வகை வலி மருந்து எடுப்பவர்களுக்கும் ஆகாது. கொழுப்பு மிகுந்த உணவோடு விழுங்கவும் கூடாது. ஃபென்டர்மின் பழைய மருந்து, குறுகிய காலத்துக்கு மட்டும். தூக்கத்தையும் இதயத் துடிப்பையும் கெடுக்கிற ஒன்றை நான் முதலில் நினைக்கவே மாட்டேன்.

பேனாவும் குப்பியும்

டோஸ் அளந்து வரும் பேனா ஊசிக்குப் பதிலாகக் குப்பியில் கலந்து விற்கும் செமாக்ளூடைடும் உண்டு. பேனாதான் மேல் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள குப்பி என்று வைத்துக்கொள்வோம். தொடக்க டோஸ் 0.25 மில்லிகிராம் என்றால், ஒரு மில்லிக்கு 100 யூனிட் கோடு உள்ள இன்சுலின் சிரிஞ்சில் 5 யூனிட் கோடு வரை இழுக்க வேண்டும். "0.25" என்பதை 25 கோடு என்று எடுத்துக்கொண்டால் உள்ளே போவது 1.25 மில்லிகிராம், அதாவது 5 மடங்கு. இந்த மாதிரிக் குழப்பத்தால் மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024இல் எச்சரித்தது. அதே ஆண்டு போலி செமாக்ளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை விட்டது.

யாருக்கு எது

உடல் பருமனோடு இதய நோயும் இருப்பவர்களுக்குச் செமாக்ளூடைடு பக்கம் சாய்வேன்; 17,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தது. எடை நிறையக் குறைய வேண்டும், புரதமும் பயிற்சியும் தவறாது என்பவர்களுக்கு டிர்செபடைடு. ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாத முதியவருக்கு இரண்டையுமே யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். சாப்பாட்டின் மேல் அச்சம் கொண்டு பட்டினி கிடந்த பழக்கம் உள்ளவருக்குப் பசியை அணைக்கும் மருந்தே ஆபத்து.

தொடங்கும் முன்பே நிறுத்துவதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆண்டில் திரும்பியது. திரும்பும் எடையோடு, போன தசையும் அதே அளவு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 4 வாரத்துக்கு ஒருமுறை டோஸைக் கூட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சிறிய டோஸிலேயே எடை இறங்கி, சாப்பாடும் ஒழுங்காக உள்ளே போகிறது என்றால் அங்கேயே நிற்கலாமா என்று கேளுங்கள். முதுகு வரை பரவும் கடுமையான வயிற்று வலி வந்தால் மட்டும் கேள்விக்கு நேரமில்லை: அடுத்த ஊசியைப் போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.