தையில் ஊன்றுவதா, சித்திரை மழைக்குக் காத்திருப்பதா? நீலகிரி உருளைக்கிழங்கும் நடவு நாளும்

பொங்கல் முடிந்ததும் மலையில் எழும் கேள்வி இது. ஓடைத் தண்ணீரை நம்பி இப்போதே விதைக்கிழங்கை ஊன்றிவிடலாமா, கோடை மழை இறங்கட்டும் என்று சித்திரை வரை பொறுக்கலாமா? முதலாவது நீர்போகம், ஜனவரி–பிப்ரவரி நடவு. இரண்டாவது கார்போகம், ஏப்ரல்–மே நடவு. ஆகஸ்டில் தொடங்கும் கடைபோகம் தனிக்கதை. விதை பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் அது வரும். இவை தவிர மார்ச்சில் நடுவோரும் உண்டு. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே மலைப்பகுதிக் கோடைப் பருவம் மார்ச்–ஏப்ரல் என்றுதான் இருக்கிறது.

பேச்சு பெரும்பாலும் நடவு நாளைச் சுற்றியே நடக்கிறது. நான் தோண்டும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வேன். இந்தக் குளிரில் குஃப்ரி ஜோதி ரகம் முற்ற ஏறக்குறைய 120 நாள் ஆகும். ஜனவரி கடைசியில் ஊன்றினால் மே கடைசியில் கிழங்கு கைக்கு வரும். ஏப்ரல் நடுவில் ஊன்றினால் ஆகஸ்ட் நடுவில். இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான் தென்மேற்குப் பருவமழை வந்து உட்காருகிறது. நீர்போகத்தையும் கார்போகத்தையும் பிரிக்கும் உண்மையான கோடு அதுதான்.

பனியும் தண்ணீரும்

நீர்போகத்தைக் கண்டு தயங்குவோர் முதலில் சொல்வது உறைபனி. தயக்கம் நியாயமானது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். தண்ணீர் வசதியுள்ள வயல்களும் அதே பள்ளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பனி கருக்குவது இலையைத்தான். மண்ணுக்குள் இருக்கும் விதைக்கிழங்கை நம் ஊர்ப் பனி தொடாது. குளிர் மண்ணில் முளை வெளியே வர மூன்று, நான்கு வாரம் ஆகும். ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் ஊன்றினால் பிஞ்சு இலை பனியில் மாட்டும். ஜனவரி கடைசி வாரத்தில் ஊன்றினால் பிப்ரவரி பிற்பாதியில்தான் தலைகாட்டும். அப்போது பனியின் உக்கிரம் தணிந்திருக்கும். தப்பித் தவறி ஓர் இரவு பனி விழுந்தாலும், வெயில் ஏறுமுன் ஸ்பிரிங்க்ளரை ஓட்டி இலையைக் கழுவிவிடலாம். கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும்; சில நாள் பின்தங்கும், அவ்வளவே.

தண்ணீர்தான் கடினமான கேள்வி. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மழையை எதிர்பார்க்க முடியாது. கிழங்கு இறங்கத் தொடங்கும் நேரத்தில் மண் காய்ந்தால் கிழங்கின் எண்ணிக்கையே குறையும். பிற்பாடு ஊற்றும் தண்ணீர் அதை ஈடுகட்டாது. காய்ந்த மண்ணில் வெடிப்பு விடும். வெடிப்பு வழியே கிழங்கு அந்துப்பூச்சி இறங்கி முட்டையிடும். அதனால் செடியின் அடியில் மண் அணைப்பதை நீர்போகத்தில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஏப்ரல் வரை ஓடையோ கிணறோ கைகொடுக்கும் என்ற உறுதி இல்லாதவர் நீர்போகத்தை நினைக்கவே வேண்டாம். கேத்தி பாலாடா போன்ற இடங்களில் இதே தண்ணீருக்குக் கேரட்டும் போட்டியிடுகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கார்போகத்தில் இந்தச் செலவு இல்லை. கோடை மழை இரண்டு நன்றாகப் பெய்து மண் உள்வரை நனைந்ததும் ஊன்றலாம். முதல் தூறலைப் பார்த்து அவசரப்படுவதுதான் ஆபத்து. அதற்குப்பின் இரண்டு வாரம் வானம் பொய்த்தால் விதை வெறும் மண்ணில் கிடந்து சுருங்கும். கோடை இடிமழை சரிவில் புதிதாகக் கொத்திய மண்ணை அள்ளிக்கொண்டும் போகும். வரப்பு சரிவுக்குக் குறுக்கே இல்லாவிட்டால் உரமும் மேல்மண்ணும் கீழே இருப்பவர் வயலுக்குத்தான். கிழங்கைக் கடிக்கும் வெண்புழுவின் தாய் வண்டுகள் மண்ணைவிட்டு எழுவதும் இந்த மழையோடுதான்.

கருகல்: முடிவைத் தீர்மானிக்கும் இடம்

எனக்கு இந்த ஒப்பீட்டின் நடு இதுதான். பின்பருவ இலைக்கருகல் நோய்க்கு வேண்டியது குளிர்ச்சியும் ஈர இலையும். 10 முதல் 20 டிகிரி வெப்பம், காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஈரம், சில மணி நேரம் காயாத இலை. ஜூன், ஜூலையில் ஊட்டியும் குந்தாவும் எமரால்டும் நாள்கணக்கில் இப்படித்தான் மூடிக்கிடக்கின்றன. ஏப்ரலில் ஊன்றிய செடி சரியாக அப்போதுதான் அடர்ந்து வரப்பை மூடி நிற்கும். கிழங்கு பருக்க இலை உழைக்க வேண்டிய வாரங்களும், நோய் பரவும் வாரங்களும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. மேங்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லியை அடித்தால் அன்று மாலையே மழை கழுவிவிடும். அடிக்க நினைத்த நாளில் மழைவிடாமல் போவதும் வழக்கம்.

ஜனவரி கடைசியில் ஊன்றிய செடிக்கு ஜூன் வரும்போது வேலை முடிந்திருக்கும். இலை மஞ்சளாகி, கிழங்கின் தோல் இறுகியிருக்கும். தோண்டுவதும் காய்ந்த மண்ணில். கிழங்கு சுத்தமாக வரும், மூட்டைக்குள் அழுகாது. கார்போகக் கிழங்கைச் சேற்றிலிருந்து எடுக்கிறோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஏப்ரல் நடவுக்கு அது அறுவடை நேரம். அப்படிப்பட்ட மழை அரிது என்றாலும், அந்த மாதங்களில் மண் காயும் நாள் கிடைப்பதே அரிது என்பது எல்லா ஆண்டும் உண்மை.

இந்தக் கணக்கில் பிப்ரவரி கடைசியும் தாமதம்தான். பிப்ரவரி 10-க்குள் முடிந்த நடவு ஜூன் முதல் பத்து நாளில் வெளியேறும். 25-ஆம் தேதி நட்டது ஜூன் கடைசிவரை நிற்கும். தண்ணீர்ச் செலவும் உண்டு, கருகலும் உண்டு. மார்ச் நடுவில் நடுவதைக் குந்தா, ஊட்டி இருக்கும் மேற்குப் பக்கத்தில் நான் ஆதரிக்கமாட்டேன். முதல் ஒரு மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும், தோண்டும் நாளோ ஜூலை நடுவில் விழும். கோத்தகிரிப் பக்கம் இது மாறுகிறது. அங்கே தென்மேற்கு மழை குறைவு, வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அங்கே மார்ச் நடவு நல்ல நடவே. ஊட்டிக்காரர் சொல்லும் தேதியைக் கோத்தகிரிக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விதையின் வயது

இதைப் பலர் கவனிப்பதில்லை. தோண்டிய கிழங்கு ஏறக்குறைய இரண்டு மாதம் உறங்கும். அதுவரை கண் திறக்காது. டிசம்பர், ஜனவரியில் எடுத்த கடைபோக விதையை பிப்ரவரியில் ஊன்றினால் ஒரு செடி இன்று முளைக்கும், பக்கத்துச் செடி இரண்டு வாரம் கழித்து. நீர்போகத்துக்கு ஆகஸ்ட்–செப்டம்பரில் எடுத்த விதை பொருந்தும். ஆனால் அது கருகல் பருவத்தில் விளைந்த விதை என்பதால் கைநிறைய நேரம் எடுத்துத் தரம் பார்க்க வேண்டும். பழுப்புப் படை ஓடிய கிழங்கு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. கடைபோக விதை ஏப்ரலில்தான் சரியான வயதில் இருக்கும், குட்டையும் தடிப்புமான முளையோடு. இந்த ஒரு விஷயத்தில் கார்போகம் தெளிவாக முந்துகிறது.

விலையில் நீர்போகத்தின் கை ஓங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். மே, ஜூனில் சமவெளிக் கிழங்கு குளிர்பதனக் கிடங்கிலிருந்துதான் வரும். அதன் நடுவே புதிதாகத் தோண்டிய ஊட்டிக் கிழங்கின் 45 கிலோ மூட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் தனித்துத் தெரியும். ஆகஸ்ட், செப்டம்பரிலோ கர்நாடகத்தின் ஹாசன் கிழங்கும் புதிதாகவே வந்து இறங்கும்.

ஆக, பள்ளத்தில் நிலமும் ஏப்ரல்வரை நம்பகமான தண்ணீரும் வைத்திருப்பவர், குந்தா–ஊட்டிப் பக்கம் என்றால், ஜனவரி கடைசி வாரத்தை விட்டுவிடக் கூடாது. சரிவு நிலத்துக்குக் கார்போகத்தைத் தவிர வழியில்லை. அங்கே மாற்ற வேண்டியது தேதியை அல்ல, ரகத்தை. குஃப்ரி ஜோதி 1968-இல் வந்தபோது கருகலைத் தாங்கியது. இன்று அந்தத் தாங்குதிறன் போய்விட்டது. குஃப்ரி கிர்தாரி கருகலை நன்றாக எதிர்த்து நிற்கும். கருகல் பிடித்துவிட்டால் தழையை அறுத்து அப்புறப்படுத்தி, இரண்டு வாரம் கழித்துத் தோண்டினால் கிழங்காவது தப்பும்.

இரண்டு போகமும் ஒரே வயலில் எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். 1961-இல் ஊட்டியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு இன்னும் நம் மண்ணில் இருக்கிறது. அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, உருளை வேரின் கசிவு பட்டதும் பொரிக்கும். 1985-இல் வெளியான குஃப்ரி ஸ்வர்ணா அதைத் தாங்கும் என்றாலும் அதையே திரும்பத் திரும்பப் போடுவது நல்லதல்ல. நீர்போகம் எடுத்த வயலுக்கு அடுத்து முட்டைக்கோஸோ கேரட்டோ பூண்டோ போகட்டும். கார்போக உருளைக்கு வேறு வயலைப் பாருங்கள்.