நீர்வண்ணத்துக்கு எது: ஸ்கெட்ச்புக்கா, பருத்தித் தாளா?

நீர்வண்ணம் பழக ஆரம்பிப்பவர்கள் தூரிகைக்கும் வண்ணத்துக்கும் செலவழித்துவிட்டுத் தாளில் சிக்கனம் பிடிப்பார்கள். படத்தின் தலையெழுத்து பெரும்பாலும் தாளில்தான் இருக்கிறது.

சாதாரண ஸ்கெட்ச்புக் மரக்கூழ்த் தாள். 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் பென்சில், பேனா, லேசான வண்ணம் தாங்கும். மயிலாப்பூர் குளக்கரையில் உட்கார்ந்து, கோபுரத்தைக் கோட்டில் பிடித்து, நிழலுக்கு மட்டும் கொஞ்சம் நீலம் தொட்டுவிட்டு எழுந்துவிடலாம். தாள் வீணாகுமே என்ற பயம் இல்லை, கை தாராளமாக ஓடும்.

வானம் தீட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். மரக்கூழ்த் தாளில் தண்ணீர் மேலேயே தேங்கி, திட்டுத் திட்டாகக் காயும். ஓரத்தில் கோடு விழும், தாள் நெளியும். 300 ஜிஎஸ்எம் முழுப் பருத்தித் தாளோ, அதாவது முழுக்கப் பருத்தி இழையாலான தாளோ, தண்ணீரை உள்வாங்கி ஈரத்தை நெடுநேரம் வைத்திருக்கும். நீலத்தை மேலிருந்து இழுத்து வந்து அடிவானத்தில் கரையவிட நிதானமாக நேரம் கிடைக்கும். சென்னை வெயிலில் இது பெரிய உதவி. நன்றாகக் காய்ந்தபின் அடுத்தடுத்துப் பூசினாலும் அடிப்பூச்சு அவ்வளவாகக் கலங்காது.

பூசிய வண்ணத்தை ஈரத் தூரிகையால் ஒற்றி எடுக்க மட்டும் மரக்கூழ்த் தாளே வசதி.

பருத்தித் தாள் பல மடங்கு விலை, உண்மைதான். ஆனாலும் 'பழகும்போது மலிவான தாள் போதும்' என்பதை நான் ஏற்கமாட்டேன். வண்ணம் எப்படிப் பரவும் என்பதையே அந்தத் தாள் தப்பாகக் கற்றுக்கொடுக்கும். தினசரிக் கோட்டுப் பயிற்சிக்கு ஸ்கெட்ச்புக் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சுப் பழக, முழுப் பருத்தித் தாள் ஒன்று வாங்கி எட்டாகக் கிழித்து, இரு பக்கமும் தீட்டுங்கள்.