கையெழுத்துப் பாரமா, விபத்துக் காப்புறுதியா, பொறுப்புக் காப்புறுதியா? காயாக் கழகம் எதை முதலில் வாங்குவது

மலேசியாவின் ஸ்லிம் ரிவர் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் ஏழெட்டு காயாக்கோடு (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) கழகம் தொடங்கினால், செயற்குழு முதலில் அச்சடிப்பது ஒரு பாரம், அதாவது படிவம். "எது நடந்தாலும் கழகம் பொறுப்பல்ல" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். காசு செலவில்லை, பலமும் அதிகமில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வழக்காடும் உரிமையை அடியோடு தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது. 2018இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் இந்தப் பிரிவைக் கொண்டே அப்படியொரு வாசகத்தைத் தள்ளியது. 18 வயது நிரம்பாத பிள்ளைக்காகத் தாய் தகப்பன் போட்ட கையெழுத்தை நம்பி ஆற்றில் இறங்கவே கூடாது. பாரம் வேண்டும்தான், நீச்சல் தெரியுமா, வலிப்போ ஆஸ்துமாவோ உண்டா, யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு வைப்பதற்காக.

குழு விபத்துக் காப்புறுதியில் தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லை. தோள்மூட்டு விலகினால் வரம்புக்குள் மருத்துவச் செலவு, உயிர் போனால் குறித்த தொகை. கோர்ட்டுக்கு அலைய முடியாத தோட்டக் குடும்பத்துக்கு இது பெரிய ஆதரவு. ஆனால் வேகநீர்ப் படகோட்டத்தையும் போட்டிகளையும் விலக்கி வைக்கும் போலிசிகள் உண்டு. ஏஜென்டின் வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள். ஆற்றுநீரால் எலிச்சிறுநீர் நோய் வந்தால் அது விபத்தா நோயா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பொதுப் பொறுப்புக் காப்புறுதி வேறு வகை. கழகத்தின் கவனக்குறைவால் அடிபட்டவர் வழக்குப் போட்டால் நஷ்டஈட்டையும் வக்கீல் செலவையும் அது ஏற்கும். சறுக்குவது ஓரிடத்தில்: 'மூன்றாம் தரப்பு' என்றால் வெளியாள். ஓர் உறுப்பினரின் படகு இன்னொரு உறுப்பினரை இடித்தால், உறுப்பினருக்கு உறுப்பினர் என்ற நீட்டிப்பு இல்லாத போலிசி கைவிடலாம். சம்பளம் வாங்காத பயிற்றுநர் பெயரும் அதில் அடங்க வேண்டும். விபத்தான அன்றே கம்பெனிக்குத் தகவல் போகட்டும். ஆஸ்பத்திரியில் குடும்பத்தோடு நில்லுங்கள், சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். "எங்க தப்புதான் அண்ணே, பணத்த நாங்க பாத்துக்கிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அனுமதியில்லாமல் பொறுப்பை ஏற்பது போலிசி நிபந்தனையை மீறுவதாகும்.

இரண்டில் ஒன்றுக்கே பணம் என்றால் நாங்கள் பொறுப்புக் காப்புறுதியைத்தான் எடுக்கச் சொல்வோம். மூளையில் அடிபட்ட பிள்ளைக்கு ஆயுசுக்கும் பராமரிப்பு வேண்டும். விபத்துத் தொகை அதற்கு எட்டாது. இரண்டையும் எடுக்க, புதிய காயாக் ஒன்றைத் தள்ளிப்போடலாம்.

எந்தப் போலிசியானாலும் கடைசியில் வரும் கேள்வி: படகுகளை நடத்தியவர் யார்? ஆற்றோரம் வளர்ந்த அண்ணனுக்குக் கெப்பாலா ஆயர், அதாவது மேலே மலையில் பெய்த மழையால் ஆற்றில் திடீரெனப் பாய்ந்து வரும் வெள்ளம், தெரியும். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், தண்ணீர் திடீரெனக் கலங்கி இலையும் சுள்ளியும் வந்தால் எல்லாரையும் கரையேற்றிவிடுவார். சான்றிதழ் பெற்றவருக்கு மீட்பு முறை தெரியும்: வேகநீரில் எழுந்து நின்றால் கால் பாறையிடுக்கில் சிக்கி, நீரின் விசை ஆளை முன்னால் அமுக்கும், அதனால் மல்லாந்து, கால் முன்னே நீட்டி மிதக்கப் பழக்குவார். வீசும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள விடமாட்டார். இருவரில் ஒருவர்தான் என்றால் சான்றிதழ்க்காரர், அண்ணன் அவருக்குத் துணை. ஆனால் சான்றிதழ் எந்த நீருக்கென்று படியுங்கள். ஏரிக்குத் தகுதி பெற்றவர் வேகநீரில் கூட்டிப்போனால், வழக்கில் அந்தத் தாளே கழகத்துக்கு எதிராக நிற்கும். முதலுதவிச் சான்றிதழின் காலாவதித் தேதியையும் பாருங்கள். புதியவர் ஆறு பேருக்கு ஒரு பயிற்றுநர் என்று வைத்து, ஒவ்வொரு முறையும் தேதி, நீர்மட்டம், வந்தவர் பெயர், நடத்தியவர் பெயர் நான்கையும் நோட்டில் எழுதி வையுங்கள்.