ஹெயார் விற்றமின் போத்தலும் தங்கச்சியின்ர தைரொயிட் ரிப்போட்டும்

திருமலை டவுனிலயும் உப்புவெளிப் பக்கமும் முடி கொட்டுதெண்டு "ஹெயார் விற்றமின்" வாங்கிறவை இதைக் கட்டாயம் வாசியுங்கோ. குறிப்பா, இரத்தம் சோதிக்கப் போற ஆக்கள்.

தங்கச்சிக்கு டெங்கு வந்து மாறி ரெண்டு மூண்டு மாதத்தால முடி கொத்துக் கொத்தாக் கொட்டத் தொடங்கிச்சு. கடுமையான காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய ஒப்பரேசன் எல்லாத்துக்கும் பிறகு இப்பிடிக் கொட்டுறது வழமை. பெரும்பாலும் சில மாதத்தில தானா நிண்டு திரும்ப முளைக்கும். டவுனில அழகுப் பொருள் விக்கிற ஒரு கடைக்காரி இதில ஒரு சொல்லும் சொல்லேல்லை. 6,500 ரூபாய்க்கு ஒரு போத்தலைக் கட்டிக் குடுத்தா. "டொக்டரிட்டக் கேட்டுட்டுப் போடவோ அக்கா?" எண்டு கேட்டதுக்கு, "இது மருந்தில்லை பிள்ளை, வெறும் விற்றமின். ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை." பில்லும் தரேல்லை.

களைப்பும் விடேல்லை எண்டு தனியார் லாப் ஒண்டில தைரொயிட் சோதிச்சம். ரி.எஸ்.எச் (தைரொயிட்டை வேலை செய்யச் சொல்லுற ஹோர்மோன்) அடியோட குறைவு, ஃப்ரீ ரி4 (தைரொயிட் சுரக்கிற ஹோர்மோன்) கூட. ரிப்போட்டைப் பாத்த டொக்டர் தைரொயிட் கூடிப் போச்சு எண்டு கார்பிமசோல் எழுதிப்போட்டார். அது லேசான குளிசை இல்லை. அருமையா எண்டாலும் சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைச்சுப்போடும். தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தா உடனே ஓட வேணும். இல்லாத வருத்தத்துக்கு அதைப் போட இருந்தாள் என்ர தங்கச்சி. லாப்பிலயோ, அந்த அறையிலயோ, வேற என்ன போடுறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

அம்மாதான் பிடிவாதமா இன்னொரு டொக்டரிட்டக் கொண்டு போனா. அவர் நாடி பிடிச்சார், கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பாத்தார், மெலிஞ்சதோ எண்டு கேட்டார். ஒண்டும் இல்லை. "ஆள் ஒரு கதை சொல்லுது, ரிப்போட் வேறை கதை சொல்லுது. முடிக்கு ஏதும் போடுறீரோ?" எண்டார். போத்தலைக் காட்டினம். அளவு இருந்த இடத்துக்கு மேல கடைக்காரியின்ர விலை ஸ்டிக்கர். உரிச்சுப் பாத்தா, பயோட்டின் எண்ட பி விற்றமின் 10,000 மைக்ரோகிராம். வளந்த ஆளுக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு வெறும் 30.

அவர் விளங்கப்படுத்தினது இதுதான். லாப் மெசின் பலதில, சோதனைக்குரிய துணுக்குகளைப் பிடிச்சு வைக்கிறதே பயோட்டின்தான். இரத்தத்தில பயோட்டின் நிரம்பி இருந்தா, பஸ்ஸில முன்னுக்கே ஏறி எல்லா சீற்றையும் பிடிச்ச மாதிரி, மெசினின்ர துணுக்குகளுக்கு இடமில்லை. அதால ரி.எஸ்.எச் பொய்யாக் குறையும், ரி4 பொய்யாக் கூடும். எல்லா மெசினும் இப்பிடி இல்லை, ஆனா எங்கட லாப்பில எந்த மெசின் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

தைரொயிட்டோட நிண்டாலும் பரவாயில்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனினும் பொய்யாக் குறைஞ்சு காட்டலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ) 2017 நவம்பரில இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அப்பிடி ஒரு பிழையான ட்ரோபோனின் முடிவுக்குப் பிறகு ஒராள் செத்ததா அதில இருக்கு. நெஞ்சு நோவோட போற அப்பாமார் இந்தக் குளிசை போடுறவையெண்டா, முதல் வேலையா அதை டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

தைரொயிட் சோதிக்க முதல் குறைஞ்சது 2 நாளாவது பயோட்டினை நிப்பாட்டச் சொல்லுது அமெரிக்கத் தைரொயிட் சங்கம். தங்கச்சி அதுக்கும் கூடவே நிப்பாட்டிட்டுத் திரும்பச் சோதிச்சாள். எல்லாம் நோர்மல்.

முடிக்கெண்டாலும் பலன் இருக்கோ? பயோட்டின் குறைபாடு உள்ளவைக்கு இருக்கு. அப்பிடிப்பட்டவை மிகக் குறைவு. பச்சை முட்டை வெள்ளைக்கரு நெடுநாள் சாப்பிட்டா வரும், ஏனெண்டா அதில உள்ள அவிடின் பயோட்டினைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். அவிச்ச முட்டை ஒண்டிலயே கிட்டத்தட்ட 10 மைக்ரோகிராம் பயோட்டின் இருக்கு. ஈரலில, கச்சானில, மீனில இருக்கு. திருமலையில மீனுக்கு என்ன பஞ்சம்? முடி நிக்காமல் கொட்டினா, இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் ஒழுங்காப் பாக்கிறதுதான் வழி.

கடைக்குப் போய்க் கேட்டம். "உடைச்ச போத்தலுக்குக் காசு தரேலாது. நிறையப் பேர் போடுகினம், உங்களுக்கு மட்டும் என்ன?" எண்டா. ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும் உள்ளுக்குப் போயிட்டா. அண்டைக்குப் பின்னேரம் அவவின்ர முகநூல் பக்கத்தில தங்கச்சி போட்ட கொமென்டும் இல்லை, தங்கச்சியையும் புளொக் பண்ணியாச்சு.

போத்தல், ஸ்டிக்கர், ரெண்டு ரிப்போட் எல்லாம் கையில இருக்கு. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின்ர 1977 எண்ட ஃபோன் நம்பருக்கு முறைப்பாடு குடுக்கிறம். அளவை மறைச்சு ஸ்டிக்கர் ஒட்டின போத்தல் வேற ஆராவது வாங்கியிருந்தா, எறியாமல் படம் எடுத்து இன்பொக்ஸில போடுங்கோ, சேர்த்துக் குடுக்கலாம்.