'பேசும் கருவி' வாங்கப் போகிற பெற்றோர் கவனத்துக்கு

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். 9 வயது. நாம் சொல்வதெல்லாம் புரியும், வாயில்தான் சொல் வராது. மதுரையில் ஒரு தெரபி மையத்தில் 'பேசும் கருவி' என்று சொல்லி 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். படத்தைத் தொட்டால் தமிழில் பேசும் என்றார்கள். அங்கே காட்டிய கருவி பேசவும் செய்தது. வீட்டுக்கு வந்தது வேறு.

பிரித்துப் பார்த்தால் கடையில் கிடைக்கிற சாதாரண டேப்லெட், தயாரித்த நிறுவனத்தின் பெயர்மேல் இவர்களுடைய ஸ்டிக்கர். உள்ளே ஆங்கிலக் குரல் மட்டும். தமிழில் எழுதியிருந்த பொத்தான்களைத் தொட்டால் சத்தமே இல்லை. பீட்சா இருக்கிறது, பர்கர் இருக்கிறது, பனிமனிதன்கூட இருக்கிறான். இட்லி இல்லை, அப்பத்தா இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'வேண்டாம்' இல்லை, 'வலிக்கிறது' இல்லை. ராத்திரியில் கால் இறுகி அழுகிற பிள்ளைக்குப் பனிமனிதனை வைத்து என்ன செய்ய? நாமே சேர்க்கலாம் என்றால் கடவுச்சொல் பூட்டு. திறந்துவிட வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணமாம்.

கேட்கப் போனபோது, பையனுக்குப் பழக்கம் போதாது, பயிற்சியில் சேருங்கள் என்றார் அங்கிருந்தவர். அவன் கண்ணால் காட்டுவதைக் கண்டுகொள்ளாமல் இருந்தால்தான் கருவியைத் தொடுவானாம்! இருக்கிற ஒரே மொழியையும் பிடுங்கச் சொல்கிற ஆள் எங்கே படித்தார் என்று தெரிந்துகொள்ள, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டேன். உடனே வேறு வேலை வந்துவிட்டது அவருக்கு. பேச்சுப் பயிற்சி அளிப்பவருக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். முதல் நாளே கேளுங்கள்.

விளம்பரத் தாளில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் போட்டு, 'அரசு அங்கீகாரம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பேச்சுக்கு மாற்றான வழிகளையும் தகவல்தொடர்பு என்று அந்தச் சட்டம் ஏற்கிறது, உண்மைதான். எந்த வியாபாரியின் டேப்லெட்டுக்கும் அது முத்திரை குத்தவில்லை.

படத்தைத் தொட்டால் பேசுகிற, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளைச் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க முடியும். வீட்டில் இருக்கிற போனிலோ டேப்லெட்டிலோ போட்டு, உங்கள் வீட்டுச் சொற்களை நீங்களே சேர்த்து, பிள்ளை தொட்டுப் பார்த்தபிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். சேர்த்த சொற்களைப் பிரதி எடுத்து வைக்க வழி உண்டா என்றும் பாருங்கள். கருவி கெட்டால் பிள்ளையின் சொற்களும் போய்விடக் கூடாது. அதுவரை படங்கள் ஒட்டிய அட்டை போதும். இப்போது எங்கள் வீட்டில் அதுதான் ஓடுகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். பேச முடியாதவர்கள் இணையத்தில் எழுதியும் பதியலாம். மையம் பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சிக்கல்: ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்றுதான் இருக்கிறது, கருவி என்று எங்கும் இல்லை. திட்டமிட்டே அப்படி எழுதுகிறார்கள். கருவியின் மாடலும் செயலியின் பெயரும் ரசீதில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.